மிஷினுக்கு ஒரு நாள், தர்பூசணிக்கு ஒரு நாள்

ஏ.ஐ. மிஷின்களை வைக்க இடம் வாடகைக்குக் கொடுக்கலாமா என்று நான் ஏ.ஐ.யிடமே கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று மாப்பிள்ளையிடமே விசாரித்த மாதிரிதான். அது எனக்கு உறைத்தது எல்லாம் முடிந்த பிறகு. அது நீளமாகப் பதில் சொன்னது. முதல் பாதியில் நன்மைகள். இரண்டாம் பாதியில் சூடு, மின்சாரம், தண்ணீர், மிஷின் சீக்கிரமே பழசாகிப்போவது, அக்கம்பக்கத்தாரைக் கலந்துகொள்வது என்று எச்சரிக்கைகள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்துக்கு என்ன மரியாதை கொடுப்போமோ அதையே இரண்டாம் பாதிக்குக் கொடுத்துவிட்டு, முதல் பாதியை மட்டும் என் மைத்துனருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

ஆகவே இதில் ஏ.ஐ. மேல் எந்தத் தப்பும் இல்லை. அது சொன்னது, நான் காதில் வாங்கவில்லை. என் மனைவியும் இதே புகாரைத்தான் கல்யாணமான நாளிலிருந்து வைத்திருக்கிறாள்.

எனக்கு வேலை விழுப்புரத்தில், ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில். குடியிருப்பது திண்டிவனத்தில். போகும்போதும் வரும்போதும் ரயிலில் எதையாவது படித்துக்கொண்டே போவேன். அதன் பலனாக, உலகத்தில் எந்த விஷயத்தை எடுத்தாலும் திண்டிவனத்தில் ஆரம்பித்து மயிலம் ஸ்டேஷன் வரைக்கும் பேசக்கூடிய சரக்கு என்னிடம் உண்டு. மயிலம்தான் அடுத்த ஸ்டேஷன். அதைத் தாண்டினால் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஏ.ஐ. என்பது போனுக்குள் வந்தபின் இந்தக் குறையும் தீர்ந்தது. ரசத்துக்கு எவ்வளவு புளி, மேலதிகாரிக்கு எழுதும் லீவு கடிதத்தில் எவ்வளவு பணிவு என்று எல்லாவற்றையும் அதனிடம் கேட்க ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததும் குடும்ப குரூப்பில் போட ஒரு படம் செய்து கொடுக்கச் சொல்வேன். அதன் பிறகுதான் பல் தேய்ப்பது.

என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரைஸ் மில் வைத்திருந்தார். புழுங்கல் அரிசி மில். பெரிய மில்காரர்கள் நெல்லை வயலிலேயே மடக்கிக்கொள்ள ஆரம்பித்ததும் இவருடைய மில் மூடிக்கிடந்தது. மிஷின்களைக் கழற்றி விற்றுவிட்டார். களத்தில் ஊர்க்காரர்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்தார்கள். ஆனால் மில்லுக்கான பெரிய கரண்டு கனெக்ஷனை மட்டும் அவர் விடவில்லை. மில் ஓடாவிட்டாலும் அதற்குக் கட்டவேண்டியதைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"வுட்டா திரும்பக் கெடைக்காது மாமா. அந்த ஆபீசுக்கு நடக்கறதுக்கே எனக்கு இன்னொரு ஜென்மம் வேணும்" என்பார்.

அந்தக் கனெக்ஷனைத் தேடிக்கொண்டுதான் கார்த்திகையிலேயே சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். பார்க்க நல்ல பிள்ளை, மூன்று ராத்திரி தூங்காத முகம். அவனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஏ.ஐ.க்கு வேண்டிய கார்டுகளை வாங்கி, மிஷின்களில் பொருத்தி, வேண்டியவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். கார்டு என்றால் நாம் பர்ஸில் வைக்கும் கார்டு அல்ல. செங்கல் அளவு கனம், அடுப்பளவு சூடு. உலகம் முழுக்க அதற்கு அடிதடியாம். கார்டு கிடைத்துவிட்டது, வைக்க இடம்தான் கிடைக்கவில்லை என்றான்.

"உங்ககிட்ட லைன் ரெடியா இருக்கு சார். டிரான்ஸ்பார்மர் இருக்கு, ஷெட் இருக்கு, தண்ணி இருக்கு. சென்னைல இதெல்லாம் ஒரே எடத்துல வேணும்னா வேண்டுதல் வெச்சு நடந்துதான் போகணும்."

மைத்துனர் அப்போதே மனசுக்குள் சம்மதித்துவிட்டார்; கையெழுத்துப் போடும் முன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குடும்பத்தில் படித்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான் பேசினேன். இந்தக் காலத்தில் யார் எந்தத் தொழில் செய்தாலும் கடைசியில் அது இந்த மிஷின்களிடம்தான் வந்து நிற்கும் என்றேன். மயிலம் ஸ்டேஷன் எப்போதோ போய்விட்டது, நான் நிறுத்தவில்லை.

"இது இன்னாதான் செய்யும் மாமா?" என்றார் மைத்துனர்.

"கணக்குப் போடும். கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கும். புயல் எங்கே கரை ஏறும்னு முன்கூட்டியே சொல்லும்."

சென்னைத் தம்பி என்னை நன்றியோடும் கொஞ்சம் பயத்தோடும் பார்த்தான்.

களத்து ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து நிலத்துக்காரர். மைத்துனரின் பெரியப்பா மகனுடைய மனைவி. மைத்துனருக்கும் என் மனைவிக்கும் அண்ணி. எனக்குத் தங்கச்சி முறை ஆகவேண்டும் என்றாலும், வீட்டில் எல்லோரும் சொல்வதுபோல நானும் இங்கே அண்ணி என்றே சொல்கிறேன். அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டிலிருக்கும் நாளைவிட விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கும் நாள்தான் அதிகம். பயிர் முழுக்க அண்ணி பொறுப்பு. அந்த வருடம் தர்பூசணி போட்டிருந்தார். மார்கழியிலேயே விதை ஊன்றி, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அன்று கொடிகள் ஒரு முழம் ஓடியிருந்தன.

"மழ வருமான்னு சொல்லுமாண்ணா?"

"சொல்லும்மா."

"அத இப்பவே டிவியில சொல்லிக்கினுதான் இருக்கான். வந்தாத்தான?" என்றவர், அடுத்துக் கேட்டார்: "அதுக்குத் தண்ணி எதுக்கு?"

"சூடாகும். ஆறவைக்க. நம்ம வீட்டு ஏர் கூலர் மாதிரிதான். கொஞ்சம்தான்."

"அப்ப சரி" என்றுவிட்டுப் போனார்.

அந்த "கொஞ்சம்தான்" என்னுடைய சொந்தச் சரக்கு. தம்பி சொல்லவில்லை. ஏ.ஐ.யும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இரண்டு குடும்பத்துக்கும் பொதுக் கிணறு. ஒரு நாள் மில்லுக்கு, ஒரு நாள் அண்ணி நிலத்துக்கு. அதற்கு முறை என்று பெயர். முறை உள்ளவர் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அது தானாக அடுத்தவருக்குப் போய்விடும். கேட்கவேண்டியதில்லை, நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. மில் மூடியதிலிருந்து இரண்டு நாள் தண்ணீரும் அண்ணிக்குத்தான். விட்டுக்கொடுத்த முறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் கேட்பதுபோல ஆகிவிடும், உரிமையைப் போய்க் கேட்பதா என்ற கௌரவம். அதனால் உழவுக்கு முன்னால் ஒரு நாள் தன் பக்கம் தண்ணீரைத் திருப்பி ஓடவிடுவார்கள். எதிராளி அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பாதி நிலத்தை மட்டும் உழுவார். பல வருடமாக இப்படித்தான், ஒரு வார்த்தை பேசாமல் நடந்துகொண்டிருந்தது.

மைத்துனர் அந்த முறைப்படி தண்ணீர் விட்டுக் காட்டவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. உழவு, விதைப்பு எல்லாம் நிலத்துக்கு. இவர் போடப்போவது மிஷின். எந்தப் பட்டத்துக்கு முன்னால் தண்ணீர் விடுவது? எனக்கோ இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடம் அந்தக் கிணற்றில் நான் பார்த்ததெல்லாம் என் முகத்தைத்தான்.

மாசி தொடக்கத்தில் மிஷின்கள் வந்தன. மைத்துனர் பூசணிக்காய் உடைத்தார். மிஷின்களுக்குக் குங்குமம் வைக்கப் போனபோது தம்பி குறுக்கே விழுந்து தடுத்தான். "சார், பவுடர் எதுவும் உள்ள போகக்கூடாது சார், ப்ளீஸ்." சமாதானமாக டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். ஷெட்டின் ஒரு பக்கச் சுவரை உடைத்து ஈரத் தட்டிகள் பொருத்தியிருந்தான். அதில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். காற்று அதன் வழியாகக் குளிர்ந்து உள்ளே போய், மிஷின்களின் சூட்டை வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவர் பேன்கள் வழியாகக் களத்துக்கு வரும். எங்கள் வீட்டு ஏர் கூலருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் ஷெட் முழுக்க ஒரு உறுமல். மூடிய மில் திரும்ப ஓடுகிற சத்தம் என்று மைத்துனருக்குக் கண் கலங்கிவிட்டது. தெருப் பெண்கள் அதைவிட விவரம். பேன் அனல் அடிக்கும் இடம் பார்த்து வத்தலைக் கொண்டுவந்து பரப்பினார்கள்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். நான் விழுப்புரத்தில் ஆபீசில் இருந்தேன். அண்ணியிடமிருந்து போன். வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று அது இல்லை.

"ண்ணா, கொஞ்சம்தான்னு சொன்னீங்களே. எவ்ளோ கொஞ்சம்?"

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மயிலத்திலேயே இறங்கி மில்லுக்கு ஓடினேன். விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். ஈரத் தட்டியில் தண்ணீர் ஆவியாகப் போகப்போக உப்பு மட்டும் தங்கி, தட்டி வெள்ளை பூத்துவிட்டது. அதனால் பழைய தண்ணீரை அடிக்கடி வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பவேண்டியிருந்தது. மில் முறை நாளில் மோட்டார் ஓய்வே இல்லாமல் ஓடியது. அடுத்த நாள் அண்ணி மோட்டாரைப் போட்டால் கிணறு அரை மனதாகத்தான் கொடுத்தது. கொடியில் பூ வந்து பிஞ்சு பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் பிஞ்சு வெம்பிப்போய்விடும். அந்த வருடத்தின் சாப்பாடு அவர்களுக்கு அந்தக் கொடிதான்.

நான் போனபோது கிணற்றடியில் மைத்துனரும் அண்ணியும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

"என் முறை நாள்ல என் மோட்டார் ஓடுது அண்ணி. இதுல இன்னா தப்பு?"

"முறைய நீ எப்ப திருப்பி எடுத்த? ஒழவுக்கு மின்ன தண்ணி வுட்டுக் காட்டினியா?"

"எங்க வுடறது? எனக்கு வாய்க்காலா கீது?"

"நெல்லு ஊற வெக்கற தொட்டி இருக்குதில்ல. ஒரு தபா ரொப்பியிருந்தா நான் பாத்திருப்பேன் இல்ல? பாதி நெலந்தான் போட்டிருப்பேன். இப்ப மொத்தத்தையும் போட்டுட்டு நிக்கறேன். எந்தப் பாதிய சாவ வுடறதுன்னு நீயே சொல்லு."

பங்கு என்று பார்த்தால் மைத்துனர் பேசுவது நியாயம். வழக்கம் என்று பார்த்தால் அண்ணி பேசுவது நியாயம். இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். நான் எந்தக் கணக்கில் நியாயம் என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை.

படித்தவன் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு யோசனை வந்தது. ரயிலில் எப்போதோ படித்தது. மிஷினிலிருந்து வெளியே விடும் தண்ணீர் வீணாக ரோட்டோரம்தானே ஓடுகிறது, அதை அப்படியே அண்ணியின் நிலத்துக்குத் திருப்பிவிட்டால் என்ன? மறுபயன்பாடு! அந்தச் சொல்லை நான் உச்சரித்த விதத்தில் மைத்துனரே நிமிர்ந்து பார்த்தார். சத்தம் கேட்டு ஷெட்டிலிருந்து வந்த தம்பி மட்டும், "சார், அது எப்படியிருக்கும்னு ஒரு தடவ செக் பண்ணிட்டு" என்று இழுத்தான். செக் பண்ண என்ன இருக்கிறது, தண்ணீர் தண்ணீர்தானே என்றேன். ஒரு குழாய் போட்டோம். சுவரை ஒட்டிய வரிசைகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. குடும்ப குரூப்பில் அது பற்றி எழுதினேன். கைகூப்பும் பொம்மைகள் நிறைய வந்தன.

அடுத்த ஞாயிறு அண்ணி என்னை அந்த வரிசைக்கு அழைத்துப் போனார். இலைகளின் ஓரமெல்லாம் நெருப்புக் காட்டிய காகிதம் மாதிரி சுருண்டு பழுத்திருந்தன. அவர் திட்டவில்லை. குழாய் வாயிலிருந்து ஒரு கை தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"நாக்குல வெச்சுப் பாருங்கண்ணா."

வைத்தேன். மரக்காணம் உப்பளம் முழுக்க என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. உப்பைத் தட்டியில் தங்கவிடக்கூடாது என்றுதானே அந்தத் தண்ணீரை வெளியே விட்டார்கள்! உப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிற தண்ணீரைத்தான் நான் குழாய் போட்டுப் பயிருக்கு ஊட்டியிருந்தேன். சுவரோரத்து வரிசைகள் போனது போனதுதான். குழாயை நானே பிடுங்கி எறிந்தேன். அந்த ஒரு வேலையை மட்டும் யாரும் என்னிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் பங்குனி வெயில் வந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பிஞ்சுகள் கைப்பந்து அளவுக்கு வந்திருந்தன, இன்னும் பெருக்கவேண்டும். ஒரு நாள், அது மில் முறை நாள், காலையிலேயே அண்ணி கிணற்றடி சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து, குடையை விரித்து, தூக்குச் சட்டியோடு உட்கார்ந்துவிட்டார். ஒயரை அறுக்கவில்லை, பீஸைப் பிடுங்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். அவரைத் தாண்டிக் கையை நீட்டி சுவிட்சைப் போடவேண்டும். அண்ணி உறவுள்ள ஒருவர் முகத்துக்கு நேரே கையை நீட்ட மைத்துனரால் முடியாது. நான் அன்று லீவு போட்டேன். பணிவு எவ்வளவு என்று அன்று யாரிடமும் கேட்கவில்லை.

"அண்ணி, ஒப்பந்தம் போட்டுட்டேன். தண்ணி குடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். மிஷின் நின்னா என் பேச்சு இன்னா ஆவறது?" என்றார் மைத்துனர்.

"உன் பேச்சு பொழச்சுக்கும். என் கொடி பொழைக்காது."

ஷெட்டுக்குள்ளிருந்து தம்பி வந்தான். மில்லிலேயே ஒரு மூலையில் கட்டில் போட்டுத் தங்கியிருந்தான். இந்த இரண்டு மாதத்தில் இன்னும் இளைத்திருந்தான். அவனைப் பார்த்ததும் அண்ணி தூக்கைத் திறந்தார். "வா தம்பி, சாப்ட்டியா? கேப்பக் களி, கருவாட்டுக் கொழம்பு." இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் வந்த நாளிலிருந்து மதியச் சாப்பாடு அண்ணி வீட்டிலிருந்துதான் போகிறதாம். சண்டை வந்த பிறகும் ஒரு வேளை தவறவில்லையாம். "சண்ட தண்ணிக்குத்தானே, அந்தப் புள்ள இன்னா செய்யும்?" என்றார்.

தம்பி பழைய எடைமேடையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டான். அப்புறம் தலை நிமிராமலே கேட்டான்.

"அக்கா, இன்னும் எத்தன நாளைக்குத் தண்ணி வேணும்?"

"காய் பழுக்கத் திரும்பற வரைக்கும். அப்புறம் நானே நிறுத்திடுவேன். அதுக்கு மேல பாய்ச்சினா வெடிச்சிடும்."

அவன் மைத்துனரைப் பார்த்தான். "சார், ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. உள்ள ஓடற மிஷின்ல பாதிக்கு வேலையே இல்ல."

"ஓடிக்கினுதான இருக்குது?"

"ஆன்ல இருக்கு சார். யாராவது கஸ்டமர் கேட்டா உடனே குடுக்கணுமில்ல, அதுக்காக."

எனக்கு உடனே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வாசல் ஞாபகம் வந்தது. ஒரு பயணியும் இல்லாமல் ஷேர் ஆட்டோக்கள் உறுமிக்கொண்டே நிற்கும். நின்றால் அடுத்த ஆட்டோ முந்திக்கொள்ளும். டீசல் போகும், புகை வரும், யாரும் எங்கேயும் போகமாட்டார்கள்.

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். கார்டுகளை வாங்கும்போதே அவை புதுசு இல்லை. யாரோ அதைவிட நல்லது வாங்குவதற்காகத் தள்ளிவிட்டவை. இவர்கள் இங்கே சுவரை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இன்னும் புதிய கார்டு வந்துவிட்டது. வேகமாம், சூடும் குறைவாம். கஸ்டமர்கள் அந்தப் பக்கம் போனார்கள். இவர்கள் வாடகையைக் குறைத்தார்கள். எல்லோரும் குறைத்தார்கள். அவனுடைய அப்பா ரிட்டையர் ஆனபோது வந்தது முழுக்க அந்த ஷெட்டுக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

மைத்துனருக்கு இது விளங்கவே இல்லை. "நெல்லு குத்தற ஹல்லர், எங்க தாத்தா வாங்கினது தம்பி. பெல்ட் மாத்துவோம், பேரிங் மாத்துவோம், அவ்ளோதான். நான் மூடற அன்னிக்கும் ஓடிச்சு. இது பொட்டிய பிரிக்கறதுக்குள்ள பழசாய்டுமா?"

"ஆயிடுது சார்."

"கெட்டுப் போச்சா?"

"கெடல சார். நல்லாத்தான் இருக்கு. பழசாய்டுச்சு."

நல்லாயிருக்கிற மிஷின் எப்படிப் பழசாகும் என்று மைத்துனர் என்னைப் பார்த்தார். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. ஏ.ஐ. கொடுத்த பதிலின் இரண்டாம் பாதியில், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், என் சட்டைப் பையிலிருந்த போனிலேயே இருந்தது. நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

தம்பி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டே வந்திருப்பான் போல; உறுமல் படிப்படியாக இறங்கியது. களத்தில் அனல் குறைந்தது. வத்தல் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலையைத் தூக்கி, "இன்னாப்பா, கரண்டு பூடுச்சா?" என்றார்.

அங்கேயே கிணற்றடியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. காய் திரும்பும் வரை இரண்டு நாள் முறையும் கொடிக்கு. மிச்ச மிஷின்கள் பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்த பிறகுதான் ஓடும். அதற்கு நெல் ஊறும் தொட்டியில் தேக்கிவைத்த தண்ணீர். அடுத்த பட்டத்துக்கு மைத்துனருக்கு முறை வேண்டும் என்றால் உழவுக்கு முன்னால் தொட்டியை நிரப்பிக் காட்டவேண்டும். இதை அண்ணி சொன்னபோது மைத்துனர், "சரி அண்ணி, அதான் இப்பவே வாயால சொல்லிட்டமே" என்றார். "வாயால சொன்னது எனக்கு ஞாபகம் இருக்காது" என்று குடையை மடக்கிக்கொண்டு எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார்.

காய்கள் திரும்பின. போன வருடம் அளவுக்குப் பெரிதில்லை, சுவரோரத்து வரிசைகளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் உள்ளே நல்ல சிவப்பு. வியாபாரி வந்து மொத்தமாக ஏற்றிப் போனதுபோக மிச்சத்தை அண்ணியே கூட்டேரிப்பட்டு ரோட்டோரத்தில் கொட்டகை போட்டு விற்றார். சித்திரை முடியும் முன் தம்பி மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றினான். குளிர் உள்ள ஊரில் யாரோ குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் அவனுக்குக் கவலை. அண்ணி இரண்டு பழத்தைச் சாக்கில் கட்டி, "அப்பாகிட்ட மொதல்ல இத அறுத்துக் குடு, அப்புறமா பேசு" என்று லாரியின் முன் சீட்டில் வைத்தார். மைத்துனர் அவனுக்காக உடைத்த சுவரைக் கட்டாமல் விட்டிருக்கிறார். காற்று நன்றாக வருகிறதாம். கரண்டு கனெக்ஷனையும் இன்னும் விடவில்லை.

லாரி கிளம்புவதற்கு முன்னால் நான் தம்பியிடம் ஒன்று கேட்டேன். வேலையிருந்த அந்தப் பாதி மிஷின்கள் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன? கேன்சரா, புயலா?

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "பெரிய கஸ்டமர் ஒருத்தர்தான் சார் கடைசி வரைக்கும் இருந்தார். படம் செஞ்சு குடுக்கற ஆப். குட் மார்னிங் படம் சார். பூ, சூரியன், ரெண்டு வரி வாழ்த்து. காலைல அஞ்சு மணிலேர்ந்து லோடு தாங்காது."

அடுத்த ஞாயிறு மனைவியோடு அண்ணியின் கொட்டகைக்குப் போனேன். நெடுஞ்சாலை வெயிலில் ஒரு கீற்றுப் பழம் சாப்பிட்டதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. பாருங்கள், இந்தக் கிணற்றில் நடந்ததுதான் உலகம் முழுக்க நடக்கிறது என்றேன். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருடைய சேமிப்பு! எல்லாம் எதற்கு? எவனோ வேலையற்றவன் காலையில் எழுந்ததும் அனுப்புகிற குட் மார்னிங் படத்துக்கு! மனைவி பழத்தின் விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது நல்ல சகுனம் இல்லை என்பதை நான் கவனித்திருக்கவேண்டும்.

அண்ணி கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, போனை எடுத்துக் குடும்ப குரூப்பைத் திறந்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். தள்ளத் தள்ள என் பெயராகவே வந்துகொண்டிருந்தது.

"ரோசாப்பூ. மயிலு. கப்புல காப்பி. மறுக்கா ரோசாப்பூ" என்றவர், போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். "எங்கூட்டுத் தண்ணிய குடிச்சிட்டு டெய்லி அனுப்பனீங்களேண்ணா, ஒரு நாளாவது ஒரு தர்பூசணி படம் போட்டீங்களா?"